ஊரடங்கில் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கொரோனா வந்தபோது மிகச் சின்னவர்கள். அவர்களுக்கு முகக்கவசம் நினைவிருக்கிறது, வீட்டில் நடந்த சண்டை நினைவிருக்கிறது, ஏன் என்பது தெரியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும், கல்லூரி புராஜெக்ட்டுக்குப் பேட்டி எடுக்க வருபவர்களும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களை ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரம்தான், அதிலும் சென்னை அதிகம். மற்ற மாவட்டங்களில் தேதியும் நேரமும் கொஞ்சம் மாறும்.

லாக்டவுன் எப்போ ஆரம்பிச்சு எப்போ முடிஞ்சது மிஸ்? ஒரே தடவைதானே?

ஒரே தடவை இல்லை. 2020 மார்ச் 17 முதல் பள்ளிகளை மூடினார்கள். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாள் 'மக்கள் ஊரடங்கு'. 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலானது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் பேசி, நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். ஏப்ரல் 14 அன்று முடிய வேண்டியது மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது. பிறகு 'தளர்வுகளுடன்' தொடர்ந்தது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் பல பகுதிகளுக்கு ஜூன் 19 முதல் மறுபடி முழு ஊரடங்கு. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அடங்கிக் கிடந்தது.

இரண்டாம் அலைக்கு 2021 மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 24 முதல் ஜூன் 7 காலை வரை தளர்வே இல்லாமல், மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. 2022 ஜனவரியில் இரவு ஊரடங்கும் சில ஞாயிறுகளும். ஆகவே யாராவது 'லாக்டவுன்ல' என்று கதை சொன்னால் எந்த ஊரடங்கு என்று கேளுங்கள். 2020இல் பயம் அதிகம், தெருவில் சாவு குறைவு. 2021இல் கதை வேறு.

அப்போ நிஜமாவே யாரும் வாசலைத் தாண்டலையா?

தாண்டினார்கள். பால், காய், மளிகை, மருந்து வாங்கக் குறிப்பிட்ட நேரம் உண்டு. 2020 ஜூனில் சென்னையில் காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், வண்டி எடுக்காமல் நடந்து போய் வாங்க வேண்டும் என்றார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் என்றால்தான் கொடுத்தார்கள், அதுவும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் முடிந்த பிறகுதான் மாநிலத்துக்குள் அது ரத்தானது. தூய்மைப் பணியாளர்கள், செவிலியர்கள், மின்வாரியக்காரர்கள், பால் வண்டிக்காரர்கள் ஒரு நாளும் வீட்டில் இல்லை. என் மாணவர்கள் பலரின் அம்மா அப்பாக்கள் இந்த வேலைகளில் இருப்பவர்கள்தான். எல்லாரும் வீட்டில் இருந்தோம் என்று பாடப் புத்தக வாக்கியம்போல் எழுதிவிடாதீர்கள்.

காவல் துறையைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். வண்டியைப் பறிமுதல் செய்தார்கள், தோப்புக்கரணம் போடவைத்தார்கள், லத்தியாலும் அடித்தார்கள். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சில நாளில் இறந்தார்கள். காவலர்கள்மீது கொலை வழக்கு நடந்தது. ஊரடங்கைப் பற்றி எழுதும் யாரும் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

கடையெல்லாம் மூடிட்டா பால், காய்கறி எப்படிக் கிடைச்சுது?

பாலுக்குப் பெரிதாகத் தட்டுப்பாடு வரவில்லை. காய்கறிதான் ஆட்டிவைத்தது. 2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி சனிக்கிழமை மொத்த ஊரும் கடைத்தெருவில்தான் நின்றது. இடைவெளி விட வேண்டிய நாளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரங்களில்தான் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, அங்கே வந்துபோன வியாபாரிகள், லாரிக்காரர்கள் வழியாகப் பல மாவட்டங்களுக்குப் போனது. மே 5 அன்று சந்தையை மூடி, 10ஆம் தேதி முதல் திருமழிசையில் தற்காலிகச் சந்தை நடத்தினார்கள். இடையில் இருந்த நாட்களில் எங்கள் பகுதியில் தக்காளியும் வெங்காயமும் கிடைத்த விலைக்கு வாங்கினோம். நிறைய வீடுகளில் புளித்தண்ணியும் அப்பளமும்தான் சாப்பாடு.

2021இல் ஏற்பாடு பரவாயில்லை. தளர்வில்லாத அந்த இரண்டு வாரமும் காய்கறி, பழத்தை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பினார்கள். எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. மெயின் ரோட்டில் ஹாரன் அடித்தால் கூடையோடு ஓட வேண்டும்.

வேலைக்கே போகலன்னா சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த வீடு ஒன்று, தினக்கூலி வீடு இன்னொன்று. ஒரே உத்தரவு இரண்டுக்கும். இரண்டாவது வீட்டைத் தாங்கியது முதலில் ரேஷன் கடைதான். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஜூன் முழு ஊரடங்கின்போது சென்னைப் பகுதிக்கு மறுபடி 1,000. அந்த நாட்களில் அம்மா உணவகங்களில் சாப்பாடு இலவசம். 2021இல் புதிய அரசு வந்ததும் 2,000, 2,000 ஆக இரண்டு தவணையில் 4,000 ரூபாயும், 14 பொருள் கொண்ட மளிகைத் தொகுப்பும். ரேஷன் கடை வாசலில் வரைந்திருந்த வெள்ளை வட்டங்களில் ஜனங்கள் பையையும் செருப்பையும் கல்லையும் வைத்துவிட்டு எதிர்ப்பக்க நிழலில் போய் உட்கார்ந்திருப்பார்கள். வட்டத்தில் செருப்பு இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம்.

இதெல்லாம் சேர்ந்தும் போதவில்லை. தாலிக்கொடியில் இருந்த குண்டுமணித் தங்கம்வரை அடகுக்குப் போனது. வங்கிக் கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அனுமதித்தது உண்மை. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. மகளிர் குழுக் கடன் வாங்கியவர்களிடம் தவணை கேட்டு வாசலுக்கே ஆள் வந்ததாக என் மாணவிகளின் அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ரேஷன் அட்டைகூடக் கிடையாது. மே மாதம் சிறப்பு ரயில் விடும்வரை கட்டட வேலை நடந்த இடத்திலேயே முடங்கிக் கிடந்தார்கள், பொறுக்க முடியாதவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவை வர வேணாம்னு சொல்லிட்டு சம்பளம் கொடுத்தாங்களா?

சிலர் முழுதாகக் கொடுத்தார்கள், சிலர் பாதி, பலர் கொடுக்கவில்லை. அவர் வராதது அவருடைய விருப்பம் இல்லை, அபார்ட்மென்ட் கேட்டில் உள்ளே விடவில்லை. அதனால் முழுச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்றே இன்றும் சொல்வேன். நான்கு வீடு வேலை பார்த்தவர்களுக்கு நான்கு சம்பளமும் ஒரே நாளில் நின்றது.

பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினீங்களாமே, உண்மையா?

உண்மை. பால் பாக்கெட்டைக் கழுவினோம், காயை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தோம், சில்லறைக் காசை சோப்பு நுரையில் போட்டோம், பேப்பரை நிறுத்தினோம். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு எப்போதும் இருக்கும். கை கழுவியதில் பலன் உண்டு. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஆனால் பொருளைத் தொட்டுத் தொற்றுவது மிகக் குறைவு, மூச்சுக் காற்றின் வழியாகப் பரவுவதுதான் அதிகம் என்று பிறகு தெளிவானது. பாக்கெட்டைக் கழுவியதைவிட ஜன்னலைத் திறந்துவைத்ததுதான் உதவியிருக்கும். பயத்தில் பல வீடுகளில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

கிருமிநாசினி சுரங்கம் என்று ஒன்று வைத்தார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூரில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியது. உடம்பின்மேல் ரசாயனம் தெளிப்பதால் பயனில்லை, தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்று அந்த மாதமே அரசு அதை நிறுத்தச் சொன்னது. காய்கறியைச் சோப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் கழுவுவதும் அப்படித்தான், கூடாது. நல்ல தண்ணீர் போதும்.

கபசுரக் குடிநீர் குடிச்சா வராதுன்னு சொன்னாங்களே?

அரசே தெருவில் காய்ச்சி ஊற்றியது, நாங்களும் குடித்தோம். ஆனால் அதைக் குடித்தால் கொரோனா வரவே வராது என்று சொல்ல ஆதாரம் இல்லை. குடித்துவிட்டு முகக்கவசம் இல்லாமல் கூட்டத்துக்குப் போனவர்களுக்கும் வந்தது.

வீட்டுல ஒரே போன். மூணு பிள்ளைங்க. ஆன்லைன் கிளாஸ் எப்படி நடந்துச்சு?

தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நடக்கவில்லை. 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. 2020இல் அதில் வகுப்பு வாரியாகப் பாடம் போட்டார்கள். டிவி இருந்த வீட்டில் அந்தச் சேனல் வந்தால், கரன்ட் இருந்தால், அந்த அரை மணி நேரம் வீட்டில் வேறு யாரும் டிவி கேட்காமல் இருந்தால் பாடம். பாடப் புத்தகங்களைப் பள்ளிக்கு வரவழைத்துக் கொடுத்தோம். சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்போம்.

மற்றபடி வாட்ஸ்அப். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. அவர் விடியற்காலையில் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். இரவுச் சாப்பாடு முடிந்து, அண்ணன் தன் பாடத்தைப் பார்த்து முடித்து, போன் இவள் கைக்கு வரும்போது பத்து மணி ஆகியிருக்கும். திரையின் ஒரு மூலை உடைந்து கறுத்திருக்கும், கணக்கின் கடைசி வரி அந்தக் கறுப்புக்குள் மறைந்துவிடும். படத்தை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்து நோட்டில் எழுதி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். எழுத்தின்மேல் அவள் கையின் நிழல் விழுந்திருக்கும். அவள் இருந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பத்து மணிப் போன்கூட இல்லை. டேட்டா தீர்ந்தால் அடுத்த ரீசார்ஜ்வரை ஆளையே காணோம்.

எங்க அண்ணன் 'ஆல் பாஸ்' பேட்ச்னு கிண்டல் பண்றாங்க. பரீட்சையே இல்லாம எப்படி மார்க் போட்டாங்க?

தயவுசெய்து கிண்டல் செய்யாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைப் பலமுறை தள்ளிவைத்து, கடைசியில் 2020 ஜூன் 9 அன்று ரத்து செய்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டார்கள். 2021இல் பத்தாம் வகுப்புக்குச் சான்றிதழில் 'தேர்ச்சி' மட்டும், மதிப்பெண் இல்லை. அதே ஆண்டு பிளஸ் டூ தேர்வு ஜூன் 5 அன்று ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 எடுத்துக் கணக்கிட்டார்கள். படிக்காமல் ஏமாற்றியவர்கள் இல்லை அவர்கள். எழுத வேண்டும் என்று மாதக்கணக்கில் புத்தகத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தவர்கள்.

வீட்டுலதான இருந்தோம், கரன்ட் பில் ஏன் அவ்ளோ வந்துச்சு? இன்னும் அம்மா திட்டிட்டே இருக்காங்க.

2020 கோடையில் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு வந்து நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாக 100 யூனிட் இலவசம் கழித்துக் கணக்குப் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். 'கட்டிய பணத்தை இல்லை, யூனிட்டைக் கழிக்க வேண்டும்' என்று உயர் நீதிமன்றம்வரை போனார்கள், வழக்கு தள்ளுபடியானது.

அம்மாவின் கோபத்துக்கு உண்மையான காரணம் 500 யூனிட் கோடு. அப்போதைய கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,130 ரூபாய். 520 ஓடினால் 1,912. இருபது யூனிட்டுக்கு 782 ரூபாய் கூடுகிறது, ஏனென்றால் 500ஐத் தாண்டியதும் முந்தைய யூனிட்டுகளுக்கும் உயர்ந்த ரேட் விழும். வழக்கமாகக் காலை ஒன்பது மணிக்குக் காலியாகிவிடும் வீட்டில் ஏப்ரல், மே வெயிலில் ஐந்து பேர் பகல் முழுக்க ஃபேன் போட்டு உட்கார்ந்தால் கோட்டைத் தாண்டாமல் என்ன செய்யும்? வாடகை வீட்டில் இந்தக் கணக்குகூட இல்லை. யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்னதுதான் ரேட்.

பத்துக்குப் பத்து ரூம்ல பாசிட்டிவ் வந்தவங்களை எப்படித் தனியா வைக்கிறது?

வைக்க முடியாது. தனி அறை, தனிக் கழிப்பறை இருந்தால்தான் வீட்டுத் தனிமை என்பது விதி. 2020 மே, ஜூனில் சென்னையில் தொற்று மிக அதிகம் இருந்தது ராயபுரம் மண்டலத்தில். அங்கே ஒரு காம்பவுண்டில் எட்டு வீடு, இரண்டு கழிப்பறை, வாசலில் ஓர் அடிபம்பு. அப்படிப்பட்டவர்களைக் கல்லூரிகள், பள்ளிகள், நந்தம்பாக்கம் வர்த்தக மையம் என்று மாநகராட்சி ஏற்பாடு செய்த மையங்களுக்கு அனுப்பினார்கள். தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். அதில்தான் நிறையப் பேரைச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்.

போக மறுத்தவர்களும் ஒளிந்தவர்களும் உண்டு. கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சில இடங்களில் வாசலில் தகரம் அடித்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்காரம்மா குடத்தோடு வந்தால் பம்பை விட்டு எல்லாரும் விலகிப் போவார்கள், சில தெருக்களில் தண்ணீரே பிடிக்க விடவில்லை. காய்ச்சலை மறைத்தார்கள் என்று பழி சொல்வதற்கு முன் அந்தக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில் கதவுக்கு வெளியே சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போனவர்களும் இருந்தார்கள்.

2021 மே மாதம் மையத்தில்கூட இடமில்லை. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ஒரே அறை வீட்டில் நோயாளியை ஜன்னலோரம் படுக்கவைத்து, எல்லாரும் முகக்கவசம் போட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே இறங்குகிறதா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆக்சிமீட்டர் நான்கு வீடு சுற்றியது.

எல்லாரும் வீட்டுல இருந்ததால அம்மாவுக்கு உதவி கிடைச்சிருக்கும்ல?

சில வீடுகளில் கிடைத்தது. ஆண்கள் காய் நறுக்கியதும் பாத்திரம் தேய்த்ததும் அந்த நாட்களில் நான் நேரில் பார்த்தது, அது நல்ல மாற்றம். பெரும்பாலான வீடுகளில் வேலை கூடியது. மூன்று வேளை சமையல் ஐந்து வேளை ஆனது, தண்ணீர் எடுப்பது இரட்டித்தது, பிள்ளையின் பாடமும் அம்மா தலையில் விழுந்தது. அடி உதையும் கூடியது. தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்கள் அதிகமானதால் வாட்ஸ்அப் எண்ணே அறிவித்தார்கள். ஒரே அறையில் கணவனும் இருக்கும்போது பெண்கள் உதவி எண் 181க்கு எப்படிப் பேசுவது என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்.

டாஸ்மாக் மூடியிருந்த வாரங்களில் தங்கள் வீடு அமைதியாக இருந்ததாகப் பல அம்மாக்கள் சொன்னார்கள். 2020 மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் கடையைத் திறந்தபோது பெண்கள் தெருவில் இறங்கினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் 16ஆம் தேதி மறுபடி திறந்தது. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. ரேஷன் கடை பற்றிச் சொன்ன அந்த 1,000 ரூபாய் எந்தெந்த வீட்டில் எங்கே போனது என்பதற்கும் இந்தத் தேதிகளுக்கும் தொடர்பு உண்டு.

பாட்டி சாவுக்கு நாங்க போகலைன்னு சொந்தக்காரங்க இன்னும் பேசறதில்லை. போயிருக்கலாமா?

இ-பாஸ் எப்படி இருந்தது என்று மேலே சொன்னேன். சாவுக்குப் பாஸ் உண்டு, ஆனால் விண்ணப்பித்து வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. கொரோனாவில் இறந்திருந்தால் உடலை மூடியே கொடுப்பார்கள், குளிப்பாட்டுவதோ கோடி போர்த்துவதோ கிடையாது. செல்போனைத் தூக்கிப் பிடிக்க வீடியோவில் ஒப்பாரி வைத்தார்கள். போக முடியாதவர்கள் மனசு இல்லாமல் நின்றவர்கள் இல்லை. அதை உங்கள் சொந்தக்காரர்களிடம் இப்போதாவது ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். வருஷம் ஆகிவிட்டது என்று பார்க்க வேண்டாம்.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்து விரட்டினார்கள். அதன்பின் அடக்கத்தையும் எரியூட்டலையும் தடுத்தால் மூன்று ஆண்டுவரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த அளவுக்குப் பயம் இருந்தது.

அப்போ ஒண்ணாவது படிச்ச என் பொண்ணு இப்பவும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறா. இது லாக்டவுனாலதானா, இல்ல அவளுக்கே வரலையா?

பெரும்பாலும் ஊரடங்கால்தான். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போனவர்கள் 2021 நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்குத் திரும்பினார்கள். எழுத்தைச் சேர்த்துப் படிக்கப் பழகும் வயதில் இந்த இடைவெளி விழுந்தது. ஒரே போன் வீட்டைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தால் மீதி புரியும். 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள், 2022இல் சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. என் வகுப்பில் பலர் அதனால் மேலே வந்தார்கள். வராமலே போனவர்களும் உண்டு. சில பையன்கள் பட்டறை வேலைக்குப் போனார்கள், சில பெண்களுக்கு வீட்டிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். ஐம்பது பேர் போதும், செலவு குறைவு என்பதே காரணமாகிவிட்டது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்யவைத்தது அதற்குப் பிறகுதான்.

உங்கள் மகளை வகுப்பாசிரியரிடம் அழைத்துப் போங்கள், தினமும் இருபது நிமிடம் பழைய பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கவையுங்கள். நான்கு மாதம் ஆகியும் எழுத்து பிடிபடவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேளுங்கள். எல்லாவற்றையும் கொரோனாமேல் போட்டுவிட்டு அதைத் தவறவிட வேண்டாம்.

வீட்டுல கேட்டா 'சும்மாதான் இருந்தோம்'னு சொல்றாங்க மிஸ். புராஜெக்ட்டுல என்ன எழுதறது?

'எப்படி இருந்தீங்க' என்று கேட்டால் அப்படித்தான் பதில் வரும். பொருளை வைத்துக் கேளுங்கள். அடகு ரசீது இருக்கிறதா, அந்த நகை திரும்பியதா? 2020 கரன்ட் பில் எவ்வளவு? தண்ணீர் யார் எடுத்தார்கள்? போன் யாரிடம் இருந்தது? அப்பா எத்தனை மாதம் வேலையில்லாமல் இருந்தார், அந்த நாளில் யார் அரிசி கொடுத்தார்கள்? பழைய போனில் இ-பாஸ் குறுஞ்செய்தி இருந்தால் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவைப் பெருக்கும் அக்காவிடமும் கேளுங்கள். அவரை இதுவரை யாரும் பேட்டி எடுத்திருக்க மாட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் முதலில் பெரியவர்களிடம் அனுமதி வாங்குங்கள், வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். புராஜெக்ட்டில் யார் பெயரையும் போட வேண்டாம்.